நாம் தைத்து உடுத்த நூறு ஆண்டுகள்

எமது பாடசாலையின் தையற்கலை வரலாற்றை எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது, சம்பவத் திரட்டுப் புத்தகங்களைப் புரட்டினால் வேலை முடிந்துவிடும் என்றுதான் முதலில் நினைத்தோம். அந்தப் புத்தகங்கள் இல்லை. ஒரு பகுதி 1990களின் இடப்பெயர்வுகளில் போயிற்று, எஞ்சியது 2009இல் போயிற்று. ஆகவே உள்ளூரிலும் கொழும்பிலும் கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் பழைய மாணவிகளிடம் ஒரு கேள்வி கேட்டோம்: "பாடசாலையில் படித்த காலத்தில் நீங்கள் கையால் தைத்த எதையாவது இன்னும் வைத்திருக்கிறீர்களா?"

வந்து சேர்ந்தவை கொஞ்சம்தான். ஒரு மாதிரித் துண்டுப் புத்தகம், பூவேலை செய்த இரண்டு தலையணை உறைகள், ஒரு குழந்தைச் சட்டை, நாடகத்துக்குத் தைத்த சிவப்புக் கோட்டின் ஒரு கை, கீழ்மடிப்பு நான்கு முறை அவிழ்க்கப்பட்ட வெள்ளைச் சட்டை, ஒரு சிங்கர் மெசினின் தலைப்பாகம். கடைசியாக ஒரு பை. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறோம். இக்கட்டுரை பெரும்பாலும் இந்தப் பொருட்களையும் எமது அக்காமாரின் நினைவுகளையும் கொண்டே எழுதப்படுகிறது.

நூறு ஆண்டுகளுக்கு முன் வன்னியில் தைத்த உடுப்பு என்பதே அரிது. குளமும் காடும் மலேரியாவுமாக இருந்த இந்தப் பிரதேசத்தில் சனமும் குறைவு, கடையும் குறைவு. எமது பூட்டிமார் குறுக்குக்கட்டோடுதான் வயலுக்கும் குளத்துக்கும் போனார்கள். கட்டுவதற்குத் துணி வேண்டும், ஊசி வேண்டியதில்லை. கோயிலுக்கென்று மடித்து வைத்த ஒரு சேலை பெட்டகத்தில் கிடந்தால் அது வசதியான வீடு. அந்தக் காலத்தை நாம் அழகாக்கிச் சொல்ல விரும்பவில்லை. சாதிக் கட்டுப்பாட்டின் பெயரால் மேலாடை அணியவே தடுக்கப்பட்டிருந்த பெண்கள் வடக்கில் இருந்தார்கள். தைத்த சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பது அவர்களுக்கு வெறும் நாகரிகமாக இருக்கவில்லை.

பெண் பிள்ளைகளுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தது வடக்கில் மிசன் பாடசாலைகளோடு தொடங்கியது. 1824இல் அமெரிக்க மிசனின் ஹரியற் வின்சிலோ அம்மையார் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கியபோது, வாசிப்போடு தையலும் பாடமாக இருந்தது. பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட பெற்றோரும் தையல் படிக்கிறாள் என்றால் ஓரளவு இறங்கி வந்தார்கள். பின்னர் தோன்றிய சைவப் பெண் பாடசாலைகளும் கத்தோலிக்கக் கன்னியர் மடப் பாடசாலைகளும் இதே வழியையே பின்பற்றின. எமது பாடசாலைக்கும் தையல் அந்த வழியாகத்தான் வந்தது. தையலுக்காக அனுப்பப்பட்டு எழுத்தையும் படித்துக்கொண்டவர்கள் எமது முதல் தலைமுறை மாணவிகள்.

மெசின் வந்தது வேறு வழியால். சிங்கர் நிறுவனம் 1877இல் கொழும்பில் கடை திறந்தது. தவணை முறையில் காசு கட்டலாம் என்ற ஏற்பாடுதான் அதை வீடுகளுக்குள் கொண்டுவந்தது. 1905இல் வடக்கு ரயில்பாதை முழுமையாகித் தெற்கும் வடக்கும் இணைந்தபோது வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பாரமான பொருட்கள் வந்து இறங்குவது இலகுவாயிற்று. இரணைமடுக் குளத்தின் கீழ் காணி பெற்று யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறியவர்கள் அம்மி, உரல், பெட்டகம் ஆகியவற்றோடு சிலவேளை ஒரு கைமெசினையும் கொண்டு வந்தார்கள்.

எம்மிடம் இப்போது இருக்கும் சிங்கர் தலைப்பாகம் எந்தக் காலத்தது என்று ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது. "அது பழசு" என்பதுதான் எல்லோருடைய பதிலும். அதன் அடித்தட்டின் வலப்பக்கத்தில் இலக்கம் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது. கறுப்பு மையையும் பல வருட அழுக்கையும் மண்ணெண்ணெயால் துடைத்தபோது ‘வை’ என்ற ஆங்கில எழுத்தோடு அது தொடங்குவது தெரிந்தது. அந்த எழுத்து ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங் ஆலையில் 1920களிலும் 1930களின் முற்பகுதியிலும் செய்யப்பட்ட இயந்திரங்களுக்கு உரியது. அந்த ஆலை 1980இல் மூடப்பட்டுவிட்டது. அங்கே செய்த இயந்திரம் எமது பாடசாலைக்கு ஏறத்தாழ ஒத்த வயதில் இன்றும் தைக்கிறது.

இனி மாதிரித் துண்டுப் புத்தகம். இதைக் கொண்டுவந்த அக்கா இப்போது ரொறன்ரோவில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். பிறவுண் தாளில் ஒட்டப்பட்ட சதுரத் துணித் துண்டுகள். ஒவ்வொன்றின் கீழும் மையால் பெயர். நூலோட்டம், பின்தையல், விளிம்புத் தையல், சங்கிலித் தையல், பொத்தான் துளைத் தையல், கிழிசல் அடைத்தல். ஒவ்வொரு துண்டின் மூலையிலும் தையல் ரீச்சரின் சிவப்பு மைக் கையொப்பம். பின்தையல் துண்டில் மட்டும் இரண்டு கையொப்பங்கள் இருக்கின்றன. காரணம் கேட்டோம். முதலில் தைத்ததை ரீச்சர் பிரித்துவிட்டுத் திரும்பத் தைக்க வைத்தாராம். "பிள்ளை, முன்பக்கத்தைக் காட்டாதே, பின்பக்கத்தைக் காட்டு" என்பது அவருடைய வழமையான வாசகம். பின்பக்கம் துப்புரவாக இருந்தால்தான் புள்ளி. நாம் எல்லோருமே அந்த வசனத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள். வெவ்வேறு காலத்தில் படித்த நாங்கள் வெவ்வேறு ரீச்சர்மாரிடம் அதையே கேட்டிருக்கிறோம் என்பது இந்தக் கட்டுரைக்காகக் கூடியபோதுதான் தெரிய வந்தது.

சிலருக்குத் தையல் பாடம் தண்டனையாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். கணிதத்தில் முதலாவதாக வந்த ஒருவர், பொத்தான் துளை தைக்கத் தெரியாததால் அழுதுகொண்டு வீட்டுக்குப் போன கதையை இன்றும் சிரிக்காமல்தான் சொல்கிறார். ஆண் பிள்ளைகளுக்கு மரவேலை, பெண் பிள்ளைகளுக்கு மனையியல் என்று பிரித்த பாடத்திட்டத்தின்மேல் எமக்கும் மனக்குறை உண்டு. ஆனால் பாட நேரம் முடிந்த பிறகும் தையல் அறையில் இருந்து எழும்பாதவர்களும் இருந்தார்கள். பழைய வீரகேசரித் தாளை நிலத்தில் விரித்து, சட்டையின் அளவை வெட்டி, கழுத்து எவ்வளவு இறங்கலாம் என்று பொருதுப்பட்டவர்கள் அவர்கள்தான். படத்தில் பார்த்த சட்டைக்கு யாரிடமும் அச்சுத்தாள் இருக்கவில்லை. ஒருத்தி படத்தைப் பார்த்துவிட்டு வந்து வாயால் சொல்வாள், இன்னொருத்தி வெட்டுவாள். பெரும்பாலும் கைக்குழி பிழைக்கும். கைக்குழி பிழைத்த சட்டை தங்கைக்குப் போகும்.

1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட காலம் தனியாகச் சொல்ல வேண்டியது. இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வரவில்லை. கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவுக் கமக்காரரின் கையில் முதன்முறையாக நல்ல காசு புழங்கியது. அதே கட்டுப்பாடுகளால் துணியும் வரவில்லை. மிளகாய்க் காசு இருந்தும் வாங்க நல்ல சீத்தை இல்லாத காலம் அது. சலுசல கடைகளிலும் சங்கக்கடையிலும் கிடைத்ததை வரிசையில் நின்று வாங்கினோம். ஊருக்கு ஊர் நெசவு நிலையங்கள் வந்தன; கைத்தறித் துணி தடிப்பாக இருக்கும், ஊசி முறியும். கோதுமை மா வந்த பருத்திப் பைகளை அவித்து வெளுத்து உட்பாவாடையும் குழந்தைச் சட்டையும் தைத்தோம். வந்து சேர்ந்த அந்தக் குழந்தைச் சட்டை அப்படியானதுதான். உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் மா ஆலையின் நீல எழுத்தில் பாதி இன்னும் தெரிகிறது. முன்பக்கத்தில் சங்கிலித் தையலால் ஒரு கோழிக்குஞ்சு. மாப்பை என்று தெரியாமல் இருப்பதற்கே அந்தக் கோழிக்குஞ்சு என்று தைத்தவர் சொன்னார்.

சிவப்புக் கோட்டின் கைக்கு வருவோம். வன்னியில் எந்தப் பாடசாலையில் கலைவிழா நடந்தாலும் பண்டாரவன்னியன் மேடையேறாமல் போவதில்லை. முல்லைமணி அவர்கள் எழுதிய நாடகம் அந்த ஆசையை ஊரெங்கும் பரப்பியது. 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றிய வன்னியனை, அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க் தோற்கடித்தான் என்பதைக் கற்சிலைமடுவில் நாட்டப்பட்ட கல் சொல்கிறது. கதை எல்லோருக்கும் தெரியும். உடுப்புத்தான் ஒருவருக்கும் தெரியாது. பண்டாரவன்னியனை நேரில் பார்த்து வரைந்த படம் எதுவும் எமக்குக் கிடைக்கவில்லை. அவன் தலையில் என்ன கட்டினான், மேலுக்கு என்ன போட்டான் என்று தையல் அறையில் பெரிய விவாதமே நடந்தது. கலண்டரில் பார்த்த அரசர்களைப் போல மினுங்கும் அங்கியும் முடியும் வேண்டும் என்று ஒரு பகுதி. காட்டில் ஒளிந்து போரிட்டவன் அந்த அங்கியோடு முட்செடிக்குள் எப்படி ஓடுவான் என்று மற்றப் பகுதி.

இதற்குத் தீர்வு தேடி முள்ளியவளைப் பக்கத்தில் கோவலன் கூத்து ஆடும் அண்ணாவியார் ஒருவரின் வீட்டுக்குப் போனோம். வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலோடு பழகியவர்களுக்குக் கோவலன் கூத்தின் பெருமையைச் சொல்ல வேண்டியதில்லை. அவர் தம்முடைய உடுப்புப் பெட்டியைத் திறந்து காட்டினார். கண்ணாடித் துண்டுகள், அட்டை, சரிகை, பழைய சேலைக்கரை, எல்லாவற்றையும் பசையும் தையலும் பிடித்து வைத்திருந்தன. கிட்டப் பார்த்தால் குப்பை. பத்து யார் தள்ளி விளக்கின் முன் பிடித்தால் அரசன். "மேடைக்குத் தைக்கிறது தூரத்துக்குத் தைக்கிறது, பிள்ளையள்" என்றார். எமது ரீச்சரின் பின்பக்கச் சட்டத்துக்கு இது நேர்மாறு. இரண்டையும் கற்றுக்கொண்டதுதான் எமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்.

முடிவில் வன்னியனுக்கு வேட்டியும் இடுப்புக்கச்சையும், மார்புக்குக் குறுக்கே சரிகைக் கரையும் வைத்தோம். டிறிபேர்க்குக்குச் சிவப்புக் கோட். கோட்டுக்கான துணி மண்டபத்தின் பழைய திரைச்சீலை, பொத்தான்கள் தேயிலைப் பெட்டிக்குள் இருந்த ஈயத்தாளைப் புளியங்கொட்டைமேல் சுற்றிச் செய்தவை. நாடகம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் விருந்தினராக வந்திருந்த கல்வி அதிகாரி ஒருவர் ரீச்சரைக் கூப்பிட்டு, "கப்டனுடைய கோட் பொம்பிளைப் பிள்ளையின்ரை சட்டை மாதிரிப் பூட்டியிருக்கே" என்றார். ஆண்களின் சட்டைக்குப் பொத்தான் வலப்பக்கம், பெண்களுக்கு இடப்பக்கம். பழக்கதோசத்தில் நாங்கள் இடப்பக்கம் வைத்துவிட்டோம். அடுத்த வருடக் கலைவிழாவுக்கு அந்தக் கோட்டை முழுதாகப் பிரித்து மாற்றித் தைத்தோம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லலாம். பழமையானது என்று நாம் நினைக்கும் பல உடுப்புகள் தைத்தவர்களின் யோசனையில் பிறந்தவை. இன்று எமது பிள்ளைகள் அணியும் பரதநாட்டிய உடையின் வடிவம் 1930களில் சென்னையில் ருக்மிணி தேவி அருண்டேல் அவர்கள் கோயிற் சிற்பங்களைப் பார்த்து, தையல் தெரிந்த இத்தாலியப் பெண்மணி ஒருவரின் உதவியோடு அமைத்ததிலிருந்து வளர்ந்தது. எமது திரைச்சீலைக் கோட்டுக்கும் அதற்கும் ஒப்புமை சொல்வது கொஞ்சம் அதிகம்தான்.

1990இல் யுத்தம் மறுபடி தொடங்கியதும் வன்னிக்கு மின்சாரம் நின்றது. எரிபொருள், பற்றறி என்று பல பொருட்கள் தடுக்கப்பட்டன. மின்மோட்டார் பூட்டிய மெசின்கள் எல்லாம் மூலைக்குப் போக, கால்மெசின்கள் திரும்பவும் நடு வீட்டுக்கு வந்தன. மிதிப்பதற்குக் காலும், பார்ப்பதற்கு ஜாம் போத்தல் விளக்கும் போதும். தோல் வார் அறுந்தபோது சைக்கிள் ரியூப்பை நீளத்துக்கு வெட்டிப் பூட்டினோம். மெசின் எண்ணெய் இல்லாதபோது தேங்காயெண்ணெய் விட்டோம். அது சில வாரத்தில் பிசினாக இறுகி மெசினையே பிடித்துக்கொள்ளும், பிறகு அருமையாகக் கிடைத்த மண்ணெண்ணெயில் கழுவ வேண்டும். நூற்கட்டையின் விலை ஏறியபோது உரப்பையின் வாயைத் தைத்திருந்த நூலை உருவிச் சுற்றி வைத்தோம்.

1993இல் அரசாங்கம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடைத் துணி கொடுக்கத் தொடங்கியது. துணி கிடைத்தாலும் தைப்புக்கூலி கொடுக்க வழியில்லாத வீடுகள் பல. உயர்தர மாணவிகள் பின்னேரங்களில் தையல் அறையில் கூடிச் சிறிய வகுப்புப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை தைத்தார்கள். அப்படித் தைத்ததுதான் கீழ்மடிப்பு நான்கு முறை அவிழ்க்கப்பட்ட அந்தச் சட்டை. வளரும் பிள்ளைக்கென்று கீழே நான்கு விரல் அகலத்துக்கு மடித்துத் தைப்போம். வருடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் இறக்குவோம். பழைய மடிப்பு இருந்த இடத்தில் ஒரு கோடு விழும். எவ்வளவு நீலம் போட்டாலும் போகாது. சட்டையில் உள்ள கோடுகளை எண்ணி அந்தப் பிள்ளை எத்தனை வருடம் அதைப் போட்டாள் என்று சொல்லலாம்.

1995 இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து சனம் கிளாலிக் கடலைக் கடந்து வந்தபோது சைக்கிள் கரியரில் மெசின் தலையைக் கட்டிக்கொண்டு வந்தவர்களைக் கண்டோம். மரநிழலின் கீழ் தையற்கடைகள் முளைத்தன. 1996இல் கிளிநொச்சியும் இடம்பெயர்ந்தது. இடம்பெயர்வதற்கு மெசின் தோதான பொருள் அல்ல. தலை மாத்திரம் பத்துக் கிலோவுக்கு மேல். இரும்புக் கால் அதைவிடப் பாரம். ஆகவே பின்புறத்து இரண்டு திருகாணிகளைக் கழற்றித் தலையை எடுத்துக்கொண்டு காலை விட்டுவிட்டு வருவோம். போன இடத்தில் பலகை ஒன்றில் வைத்து, ஒருவர் சக்கரத்தைக் கையால் சுற்ற மற்றவர் தைப்பார். பாடசாலையின் மெசின்களில் ஒன்று இப்படி நான்கு இடங்களுக்குப் போனது. கடைசி இடத்தில் கிறீஸ் பூசி, பொலித்தீனால் சுற்றி, மண்ணுக்குள் புதைத்தார் அன்றைய பொறுப்பாசிரியர். 2010இல் திரும்பி வந்து தோண்டி எடுத்ததும் அவர்தான். அந்தத் தலைதான் எம்மிடம் இருக்கும் சிங்கர்.

பை என்று முன்னர் சொன்னதை இனிச் சொல்லியாக வேண்டும். 2009இன் முதல் மாதங்களில் சனம் கடற்கரையை நோக்கி ஒடுங்கிக்கொண்டிருந்தபோது, கடற்கரை மணலில் பங்கர் வெட்டினால் சுவர் நிற்காது, சரியும். மண் மூட்டை அடுக்கினால்தான் நிற்கும். உரப்பைகள் முடிந்துபோயின. பிறகு சேலைகளை எடுத்தார்கள். சாதாரணச் சேலை முதலில், பிறகு பட்டு, கடைசியில் கூறைச்சேலை. ஒரு சேலையை ஆறாக ஏழாக வெட்டி, மூன்று பக்கமும் தைத்து, மண் நிரப்பி, வாயைக் கட்டுவார்கள். வெறும் நூலோட்டம் போட்டால் மண்ணின் பாரத்தில் பிரிந்துவிடும். பின்தையல் வேண்டும், அதுவும் நெருக்கமாக. வகுப்பில் இரண்டு முறை தைக்க வைக்கப்பட்ட அந்தப் பின்தையலை எம்மில் பலர் அங்கே இரவிரவாகத் தைத்தோம். யாரும் பின்பக்கத்தைப் பார்க்கவில்லை.

வந்து சேர்ந்த பை அவற்றில் ஒன்று. மாம்பழ நிறம், அரக்குக் கரை. முகாமில் அது அரிசிப் பையாக இருந்ததாம், அதனால்தான் தப்பியிருக்கிறது. செட்டிகுளத்து மெனிக்பாம் முகாமில் ஒரே ஊசி கூடாரம் கூடாரமாகச் சுற்றிய நாட்களை இங்கே விரித்து எழுத எமக்கு மனமில்லை.

திரும்பி வந்த பிறகு நடந்தவற்றில் ஒன்றை மட்டும் பேசுவோம். கணவனை இழந்த பெண்களுக்கு வாழ்வாதாரம் என்று உதவ வந்தவர்களில் பலரும் கொடுத்தது தையல் மெசின். நல்ல மனத்தோடுதான் கொடுத்தார்கள். ஆனால் ஒரே ஒழுங்கையில் பல மெசின்கள் இருந்தால் யாருக்கு யார் தைப்பது? ஏ-9 வீதி திறந்ததும் கொழும்புப் புறக்கோட்டையிலிருந்து ஆயத்த உடுப்பு வந்து குவிந்தது. தைப்புக்கூலியை விட முழுச் சட்டையின் விலை குறைவு. பல மெசின்கள் துணி மூடியபடி கிடந்தன. கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தபோது இளம் பெண்கள் அங்கே போனார்கள். அங்கே ஒருவர் கொலரை மட்டும் தைப்பார், இன்னொருவர் கையை மட்டும். மாதச் சம்பளம் வருகிறது, அது பெரிய விடயம். ஆனால் ஒரு சட்டையை முழுதாகத் தைக்கத் தெரியுமா என்று கேட்டபோது, அங்கு வேலை செய்யும் எமது பழைய மாணவி ஒருவர், "முழுச் சட்டை இஞ்சை படிச்சதுதான் அக்கா" என்றார்.

2025ஆம் ஆண்டுக்கான சீருடைத் துணி சீனாவின் நன்கொடையாக வந்தது. கைபேசியில் காணொளி பார்த்து ஆரி வேலை செய்யும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கலியாண வீட்டுச் சட்டை ஒன்றுக்கு அவர்கள் வாங்கும் கூலியைக் கேட்டால் எமக்கு மயக்கம் வருகிறது. பாடசாலை விட்ட பின் தையல் அறையில் தமக்கென்று கவுண் தைப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த அறையைக் கணினி அறையாக மாற்றும் யோசனை ஒன்று இருப்பதை எல்லோரும் அறிவோம். கணினிக்கு நாம் எதிர் அல்ல. அதற்கு வேறு இடம் கண்டுபிடிக்கலாம் என்பதையும், கட்டட நிதியில் சங்கத்தின் பங்கை அதற்கென ஒதுக்க நாம் ஆயத்தம் என்பதையும் பொதுக்கூட்டத்தில் சொல்லியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

மேலே சொன்ன பொருட்கள் நூற்றாண்டு விழா நாட்களில் தையல் அறையில் காட்சிக்கு வைக்கப்படும். சிங்கருக்குப் பழைய இரும்புக் கால் ஒன்று விசுவமடுவில் ஒரு வீட்டு முற்றத்தில் பூச்சட்டி வைக்கும் மேசையாகக் கிடந்தது, கேட்டதும் தந்துவிட்டார்கள். சட்டில் மூடி மட்டும் இல்லை. யாரிடமாவது இருந்தால் தந்துதவவும். ஒவ்வொரு பொருளின் அருகிலும் தைத்தவரின் பெயரும் படித்த ஆண்டும் எழுதி வைக்கிறோம். பையின் அருகில் மட்டும் பெயர் இராது. அதைத் தந்தவர் அப்படித்தான் கேட்டுக்கொண்டார்.